பல் சிகிச்சைக்கு எத்தனை மணிக்குப் போவது? மரப்பு ஊசியில் இருந்து முதல் இரவு வரை ஒரு கணக்கு

கிளினிக்கில் இருந்து போன் செய்து "காலையா மாலையா, எது வசதி?" என்று கேட்டால் நம்மில் பலர் வேலை கெடாத நேரத்தைச் சொல்லிவிடுவோம். மாலை 6, 7 மணி. பல்லைக் காட்டிவிட்டு வருவதற்கு அது போதும். பல்லைப் பிடுங்கவோ, ஈறைக் கீறி ஞானப்பல்லை எடுக்கவோ, இம்ப்ளான்ட் வைக்கவோ போகிறீர்கள் என்றால், அந்த நேரம் உங்கள் முதல் இரவை என்ன செய்யப்போகிறது என்று யாரும் சொல்வதில்லை. எனக்கும் சொல்லவில்லை. மாலைதான் காலியாக இருக்கிறது என்றார்கள், மரப்பு விட்டபோது நள்ளிரவை நெருங்கிவிட்டது, போனை எடுக்க அங்கே ஆள் இல்லை. அப்புறம் விசாரித்தும் படித்தும் சேர்த்துவைத்ததைக் கீழே வரிசையாக எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். காலையில் பிடுங்கினால் புண் சீக்கிரம் ஆறும், இரவில் பிடுங்கினால் ஆறாது என்று யாராவது சொன்னால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். வலி உச்சத்துக்குப் போகும் மணி, ரத்தம் மறுபடி கசியக்கூடிய மணி, மாத்திரையின் வேகம் தீரும் மணி, இந்த மூன்றும் நீங்கள் விழித்திருக்கும்போது, கிளினிக் திறந்திருக்கும்போது வர வேண்டும். அதற்குத்தான் இவ்வளவு கணக்கும்.

1. உங்கள் சிகிச்சைக்கு நேரம் பார்க்கத் தேவையா?

பல் சுத்தம் செய்வதற்கு எந்த நேரமும் ஒன்றுதான். ஓரிரு நாள் கூச்சம் இருக்கும், போய்விடும்.

பல் அடைப்பதில் ஒரு சின்ன சிக்கல் உண்டு. அடைத்து முடித்ததும் நீலத் தாளோ சிவப்புத் தாளோ வைத்துக் கடிக்கச் சொல்வார்கள், ஆனால் பாதி வாய் மரத்திருக்கும்போது நாம் எப்படிக் கடிக்கிறோம் என்று நமக்கே தெரியாது. மரப்பு விட்ட பிறகுதான் அந்த ஒரு பல் மட்டும் மற்றவற்றுக்கு முன்னால் இடிப்பது தெரியும். போய் உட்கார்ந்தால் ராவிவிட சில நிமிடம் ஆகும், அவ்வளவுதான். காலையில் அடைத்திருந்தால் அன்று மாலையே போகலாம். வாரக் கடைசி மாலையில் அடைத்திருந்தால், கிளினிக் திறக்கும் வரை ஒவ்வொரு கவளத்துக்கும் அந்தப் பல் அடி வாங்கும், பல் நன்றாகவே வலிக்க ஆரம்பித்துவிடும்.

ரூட் கெனால் என்றால் வலி பெரும்பாலும் முதல் ஒரு நாளுக்குள் அதிகமாகி, பிறகு இறங்கும். இதற்கும் காலை நேரம் நல்லது, கட்டாயம் என்று சொல்ல மாட்டேன்.

பல்லுக்குக் கம்பி போடுபவர்களுக்கு வேறு கணக்கு. கம்பியை மாட்டிய உடனே வலிக்காது, சில மணி நேரம் கழித்து ஆரம்பித்து மறுநாள் உச்சத்துக்குப் போகும், ஒரு வாரத்துக்குள் அடங்கும். ஆகவே இங்கே மணியைப் பார்ப்பதைவிட மறுநாள் உங்களுக்கு என்ன வேலை இருக்கிறது என்று பாருங்கள். தேர்வுக்கோ நேர்காணலுக்கோ முந்தைய நாள் கம்பியை இறுக்கிக்கொள்ளாதீர்கள்.

பல் பிடுங்குதல், ஞானப்பல் அறுவை, ஈறு அறுவை, இம்ப்ளான்ட். இனி எழுதுவது முக்கியமாக இவற்றுக்கு.

2. ஊசி போடும் நேரத்தில் இருந்து முன்னோக்கி எண்ணுங்கள்

எந்த மரப்பு மருந்து போடப்போகிறார்கள் என்று கேளுங்கள். கேட்கலாம், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். அட்ரினலின் கலந்த 2% லிடோகெய்ன்தான் பரவலாகப் போடப்படுவது. அதில் பல்லுக்குள் இருக்கும் மரப்பு ஏறக்குறைய 1 மணி நேரம் நிற்கும், உதடு, கன்னம், நாக்கில் இருக்கும் மரப்பு 3 முதல் 5 மணி நேரம் நிற்கும். ஆர்ட்டிகெய்ன் என்றால் உதடு 3 முதல் 6 மணி நேரம். அட்ரினலின் கலக்காத மெபிவகெய்ன் என்றால் 2 முதல் 3 மணி நேரம்தான். ஞானப்பல் அறுவைக்குச் சிலர் புபிவகெய்ன் போடுவார்கள், அது 4 முதல் 9 மணி நேரம், சிலருக்கு 12 மணி நேரம்கூட நிற்கும்.

இங்கே பலர் மாட்டிக்கொள்ளும் இடம், உதடு இன்னும் தடித்தாற்போல இருக்கிறதே என்று மாத்திரையைத் தள்ளிப்போடுவது. பல்லும் எலும்பும் இருக்கும் இடத்தில் மரப்பு முன்னாலேயே விட்டுவிடும், உதடு கடைசியில்தான் விடும். வலி ஏறிய பிறகு போடும் மாத்திரை அதைப் பிடிக்க அரை மணி, ஒரு மணி நேரம் எடுத்துக்கொள்ளும், அந்த நேரம் முழுக்க நீங்கள் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

இன்னொன்று, அட்ரினலின் அங்கே இருக்கும் ரத்தக் குழாய்களைச் சுருக்கி வைத்திருக்கும். பிடுங்கி முடித்து வீட்டுக்குக் கிளம்பும்போது ரத்தம் நின்றதுபோல் தெரிவதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் வேலை முடிந்ததும் குழாய்கள் விரியும், சிலருக்கு மறுபடி கசியும். அது வலி ஏறும் அதே சமயத்தில் வரும்.

இப்போது கணக்கைப் போடுங்கள். காலை 9.30-க்கு லிடோகெய்ன் ஊசி என்றால் மதியம் 12.30 முதல் 2.30-க்குள் மரப்பு விடும். ஞானப்பல் மாதிரி பெரிய வேலை என்றால் அதற்குப் பிறகு வரும் சில மணி நேரம்தான் மோசமானது, மாலை அதில் போகும். மறுபடி ரத்தம் வந்தால் கிளினிக் திறந்திருக்கும், மாத்திரை ஒத்துக்கொள்ளவில்லை என்றால் கேட்க ஆள் இருக்கும், படுக்கப் போகும்போது உச்சம் தாண்டியிருக்கும். அதே ஊசியை மாலை 6.30-க்குப் போட்டால் மரப்பு விடுவது இரவு 9.30 முதல் 11.30-க்குள். மோசமான மணி நேரங்கள் நள்ளிரவில் இருந்து விடிகாலை வரை. வாயில் ரத்தச் சுவை, தூக்கக் கலக்கம், வீட்டில் எல்லோரும் உறங்குகிறார்கள், மருந்துக் கடையும் மூடியிருக்கும். சிகிச்சையில் ஒரு குறையும் இருந்திருக்காது.

உடம்புக் கடிகாரம் பற்றிப் படித்துவிட்டு வருபவர்களுக்காக இரண்டு வரி. பிற்பகல் 2, 3 மணி வாக்கில் போட்ட மரப்பு ஊசி மற்ற நேரங்களைவிட நீண்ட நேரம் நின்றது என்று 1970-களிலேயே சின்ன ஆய்வுகள் சொல்லியிருக்கின்றன. 2017-ல் வெளியான ஓர் ஆய்வில், தீக்காயம் பட்ட 118 பேரின் பதிவுகளைப் பார்த்தபோது பகலில் காயம் பட்டவர்களுக்குச் சராசரியாக 17 நாளில் ஆறியது, இரவில் பட்டவர்களுக்கு 28 நாள் ஆனது. சுவாரஸ்யமான செய்தி, ஆனால் அது தோலில் பட்ட தீக்காயம், வாய்ப்புண் அல்ல. இதைக் காட்டி டாக்டரிடம் வாதாடாதீர்கள், காலை நேரம் கேட்பதற்கு மேலே சொன்ன எளிய காரணங்களே போதும்.

3. நேரத்தையும் கிழமையையும் கேட்டு வாங்குங்கள்

பொதுவாகக் காலை 9 முதல் 11. அதோடு வாரத்தின் தொடக்கம். இந்த இரண்டாவதை நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வீக்கம் அன்றே உச்சத்துக்குப் போகாது, 48 முதல் 72 மணி நேரத்தில்தான் போகும். பல் இருந்த குழியில் உறைந்த ரத்தம் கழன்றுபோய் எலும்பு வெளியே தெரியும் நிலை, ட்ரை சாக்கெட் என்பார்கள், அதுவும் பெரும்பாலும் 2 முதல் 4-ஆம் நாளில்தான் தலைகாட்டும். சாதாரணமாகப் பிடுங்கும் பற்களில் 100-ல் 1 முதல் 5 பேருக்கு இது வரலாம், கீழ் ஞானப்பல்லில் இன்னும் அதிகம். உங்கள் கிளினிக்கின் விடுமுறை நாள் எது என்று பார்த்து, 3-ஆம் நாள் அதில் விழாதபடி எண்ணிக்கொள்ளுங்கள்.

கடைசி நேரமாகக் கொடுத்தால் மறுத்துவிடுங்கள். வேர் வளைந்திருந்து வேலை இழுத்தால் டாக்டருக்கும் அவசரம், உங்களுக்கும் பதற்றம்.

இனி, காலை என்று மொத்தமாகச் சொல்லிவிட முடியாத ஆட்கள்.

ரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுப்பவர்கள்: உங்களுக்குத்தான் 'காலையில், வாரத் தொடக்கத்தில்' என்ற விதி மிகவும் பொருந்தும், மருத்துவ வழிகாட்டுதல்களே அப்படித்தான் சொல்கின்றன. மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். வார்ஃபரின் எடுத்தால் ஐஎன்ஆர் பரிசோதனை, அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் பரிசோதனை, முந்தைய 24 மணி நேரத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும் (அளவு நிலையாக இருப்பவர்களுக்கு 72 மணி நேரம் வரை ஏற்பார்கள்), எண் 4-க்குக் கீழே இருக்க வேண்டும். அபிக்சபான், ரிவரோக்சபான் மாதிரி புதிய மருந்துகளில், ரத்தம் அதிகம் வரக்கூடிய வேலை என்றால் அன்றைய காலை மாத்திரையை விடவோ தள்ளிப்போடவோ சொல்லலாம். அதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். காலையில் மாத்திரையை விழுங்கிவிட்டுப் போய்க் கேட்டால் பயனில்லை.

சர்க்கரை நோய் உள்ளவர்கள்: காலை உணவும் மருந்தும் வழக்கம்போல் முடித்துவிட்டு, அடுத்த வேளைச் சாப்பாட்டுக்கு முன்னால் மரப்பு விடும்படியான நேரம். வெறும் வயிற்றில் போகாதீர்கள். மருந்து உள்ளே போய்விட்டது, வாய் மரத்திருப்பதால் சாப்பிட முடியவில்லை என்ற இடைவெளியில்தான் சர்க்கரை தாழும்.

ரத்த அழுத்தம், இதய நோய் உள்ளவர்கள்: தூங்கி எழுந்த உடனேயே அழுத்தம் ஏறும் இயல்பு உண்டு. ஆகவே 8 மணிக்கு ஓடாமல் 10, 11 மணி, இல்லாவிட்டால் மதியத்துக்குச் சற்றுப் பின். மாத்திரையைப் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.

டயாலிசிஸ் செய்பவர்கள்: டயாலிசிஸ் நாளில் வேண்டாம், மறுநாள் கேளுங்கள். டயாலிசிஸின்போது ரத்தம் உறையாமலிருக்கக் கொடுக்கும் ஹெப்பரின் உடம்பில் இருக்கும்போது ரத்தம் நிற்கத் தாமதமாகும்.

மயக்க மருந்து கொடுத்துச் செய்வதென்றால்: திட உணவு 6 மணி நேரத்துக்கு முன்பும், தண்ணீர் 2 மணி நேரத்துக்கு முன்பும் நிறுத்தச் சொல்வது வழக்கம், உங்களுக்குச் சொல்லும் கணக்கைக் கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் ஆளாக நேரம் வாங்கினால் அந்தப் பட்டினி தூக்கத்திலேயே கழிந்துவிடும். கூட ஒருவர் வந்தே ஆக வேண்டும், 24 மணி நேரத்துக்கு வண்டி ஓட்டக் கூடாது, முக்கியமான எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

குழந்தைகள்: காலையில்தான் தெம்பாக இருப்பார்கள், அழுகை குறைவு. ஆனால் உண்மையான பயம் அதற்குப் பின்னால்தான். மரத்த உதட்டைக் குழந்தை விளையாட்டாகக் கடித்துப் புண்ணாக்கிக்கொள்ளும், மறுநாள் உதடு வீங்கி வெள்ளையாக இருக்கும், பெற்றோர் சீழ் என்று பயந்துவிடுவார்கள். ஊசி போட்டு 3 முதல் 5 மணி நேரம் யாராவது பக்கத்தில் இருக்க வேண்டும். அதனால் சிகிச்சை முடிந்ததும் நேராகப் பள்ளிக்கூடத்தில் விடாதீர்கள், அந்த நேரத்தில் தூங்கவும் விடாதீர்கள்.

4. கையில் இருக்க வேண்டிய தாள்கள்

எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டு வைத்துக்கொண்டால் அன்று காலை தேட வேண்டியிருக்காது: எக்ஸ்ரே, நீங்கள் எடுக்கும் எல்லா மருந்துகளின் பெயரும் அளவும் எடுக்கும் நேரமும், எந்த மருந்து ஒவ்வாது என்ற விவரம், தேவைப்பட்டால் ஐஎன்ஆர் அல்லது சர்க்கரைப் பரிசோதனை முடிவு, இதய நோய்க்குப் பார்க்கும் டாக்டரின் கடிதம். மருந்துப் பட்டியலில் நேரத்தையும் எழுதச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலி மாத்திரை, ஆன்டிபயாடிக், உங்கள் வழக்கமான மாத்திரை எல்லாம் ஒரே நாளில் எந்தெந்த மணிக்கு வரும் என்று டாக்டர் அங்கேயே பார்த்துச் சொல்லிவிடலாம்.

சம்மதப் படிவத்தைக் கையில் கொடுத்ததும் கையெழுத்துப் போடாமல் பல் எண்ணைப் பாருங்கள். பற்களை எண்ணுவதில் இரண்டு முறைகள் புழக்கத்தில் இருக்கின்றன. ஒன்றில் 18 என்றால் மேல் வரிசையில் வலது பக்க ஞானப்பல், இன்னொன்றில் அதே 18 கீழ் வரிசையில் இடது பக்கம், ஞானப்பல்லுக்கு முன்னால் இருக்கும் பல். ஓர் இடத்தில் எடுத்த எக்ஸ்ரேயை இன்னோர் இடத்துக்குக் கொண்டுபோகும்போது எண்ணை மட்டும் சொல்லாமல் "கீழே, இடது, கடைசி" என்று வாயாலும் சொல்லிவிடுங்கள். விரலால் தொட்டும் காட்டுங்கள்.

இன்சூரன்ஸ் இருந்தால் முன் அனுமதி வேண்டுமா என்று சில வாரங்களுக்கு முன்பே கேளுங்கள். காலை நேரம் கிடைத்துவிட்டது, அனுமதிக் கடிதம் வரவில்லை என்றால் அந்த நேரம் வீணாகும். அலுவலகத்துக்கு மருத்துவச் சான்றிதழ் வேண்டுமென்றால் அன்றே, வாய் மரப்பதற்கு முன்பே கேட்டு வாங்குங்கள். மரத்த வாயோடு வரவேற்பில் நின்று தேதி விளக்குவது பெரும்பாடு.

5. செலவைத் தனித்தனியாகக் கேளுங்கள்

"மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டால் ஒரு எண்ணைச் சொல்வார்கள், அதற்குள் எது இருக்கிறது, எது இல்லை என்று அப்போது தெரியாது. ஆலோசனை, எக்ஸ்ரே, அறுவை, மயக்க மருந்து கொடுப்பவருக்கான கட்டணம், மருந்து, தையல் பிரிப்பது, மறுபடி வந்து காட்டுவது, இத்தனையும் தனித்தனியாகக் கேளுங்கள். ட்ரை சாக்கெட் ஆகி மருந்து வைக்க வந்தால் அதற்குத் தனியாக வாங்குவார்களா என்றும் கேளுங்கள். சிலர் வாங்குவதில்லை, சிலர் ஒவ்வொரு முறையும் வாங்குவார்கள்.

மாலை நேரம் வாங்கினால் ஒரு நாள் சம்பளம் மிச்சம் என்று நினைப்பது இயல்புதான். ஆனால் இரவில் ரத்தம் நிற்காமல் அவசரச் சிகிச்சைக்கு ஓடினால் அங்கே கட்டணம் அதிகம், மறுநாள் எப்படியும் வேலைக்குப் போக முடியாது. பெரிய அறுவைக்கு ஒரு நாள் லீவு போட்டுக் காலையில் போவது பெரும்பாலும் மலிவாகவே முடியும். ரசீதில் பல் எண்ணும் செய்த வேலையும் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள், வெறும் "பல் சிகிச்சை" என்று எழுதியிருந்தால் இன்சூரன்ஸில் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

மருந்தை முந்தைய நாளே வாங்கி வைக்க முடியுமா என்று கேளுங்கள். வலி மாத்திரை, ஐஸ் வைக்கத் துணி, சுத்தமான காஸ் துண்டு (புண்ணில் வைக்கும் வலைத்துணி), இவை வீட்டில் தயாராக இருக்கட்டும்.

6. சிகிச்சை முடிந்து வீடு வந்து படுக்கும் வரை

வாயில் வைத்த காஸை 30 முதல் 45 நிமிடம் விடாமல் கடித்திருங்கள். 5 நிமிடத்துக்கு ஒருமுறை எடுத்துப் பார்த்தால் உறைந்தது பெயர்ந்து வரும். காஸை எடுத்த பிறகு எச்சிலில் சிவப்பு கலந்து வருவது 24 மணி நேரம் வரை சகஜம். கொஞ்சம் ரத்தம் நிறைய எச்சிலோடு கலந்தால் பார்க்கப் பயமாக இருக்கும். துப்பாதீர்கள், விழுங்கிவிடுங்கள் அல்லது வழிய விடுங்கள். உறிஞ்சு குழல் கூடாது, கொப்பளிப்பது மறுநாள்தான்.

முதல் வலி மாத்திரையை மரப்பு இருக்கும்போதே போட வேண்டும். ஊசி போட்ட நேரத்தை ஒரு தாளில் குறித்து, அதில் இருந்து சுமார் 2 மணி நேரத்துக்குள் முதல் மாத்திரை என்று டாக்டரிடம் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஐபுபுரோஃபென், பாராசிட்டமால் இரண்டையும் சேர்த்துக் கொடுப்பது பல் வலிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் வயிற்றுப் புண், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுப்பவர்களும், சில ஆஸ்துமா நோயாளிகளும், கர்ப்பிணிகளும் ஐபுபுரோஃபெனைத் தாங்களாக எடுக்கக் கூடாது. பாராசிட்டமால் பெரியவர்களுக்கு 24 மணி நேரத்தில் 4 கிராமைத் தாண்டவே கூடாது, எடை குறைவானவர்களுக்கும் கல்லீரல் நோய் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. சளி மாத்திரைக்குள்ளும் பாராசிட்டமால் ஒளிந்திருக்கும், அட்டையைப் படித்துப் பாருங்கள். வலி குறைய ஆஸ்பிரின் போடாதீர்கள், ரத்தம் கசிவது கூடும்.

ஐஸ் ஒத்தடம் 20 நிமிடம் வைத்து 20 நிமிடம் விட்டு, முதல் நாள் பகலில்தான் அதிகம் வைக்க வேண்டும். காலைச் சிகிச்சையில் இதற்கு முழு மதியமும் மாலையும் கிடைக்கிறது, மாலையில் போனவர்கள் இரண்டு முறை வைப்பதற்குள் தூக்கம் வந்துவிடும். மரத்த கன்னத்தில் ஐஸை நேரடியாக வைக்காதீர்கள், சுடுவது தெரியாமல் தோல் புண்ணாகும். மரப்பு விடும் வரை சூடாக எதையும் குடிக்காதீர்கள். மெல்லத் தேவையில்லாத ஆறிய உணவாகப் பார்த்துச் சாப்பிட்டுவிடுங்கள், வெறும் வயிற்றில் ஐபுபுரோஃபென் வேண்டாம்.

7. முதல் இரவு

இரவில் ஏன் அதிகம் வலிக்கிறது? படுத்ததும் தலைப் பக்கம் ரத்த ஓட்டம் கூடுகிறது, துடிப்பு தெரிகிறது. பகலில் கவனத்தைத் திருப்ப ஆயிரம் இருந்தது, இப்போது எதுவும் இல்லை. உடம்பில் வீக்கத்தை அடக்கும் கார்ட்டிசோல் நள்ளிரவு வாக்கில் மிகக் குறைவாக இருக்கும், விடியும்போதுதான் ஏறும். வலி இரவில் கூடுவதை வைத்தே ஏதோ கெட்டுவிட்டது என்று முடிவு கட்ட வேண்டாம்.

இரண்டு தலையணை வைத்து, தலையும் தோளும் உயர்ந்திருக்கும்படி படுங்கள். அறுவை செய்த பக்கம் படுக்காதீர்கள். தலையணை மேல் பழைய துண்டு ஒன்றை விரித்துவிட்டால் காலையில் கறையைப் பார்த்துப் பதற வேண்டியதில்லை. காஸைக் கடித்தபடி தூங்கிவிடாதீர்கள், தொண்டையில் அடைக்கும். ஐஸையும் கன்னத்தில் வைத்தபடி உறங்காதீர்கள்.

மாத்திரை விஷயத்தில் பழைய யோசனை, இரவும் பகலும் ஒரே இடைவெளியில் எல்லாம் போட வேண்டும் என்பது. ஞானப்பல் எடுத்தவர்களிடம் செய்த ஒரு சிறிய சோதனையில் ஐபுபுரோஃபெனைக் காலையும் மதியமும் மட்டும் கொடுத்து இரவு வேளையை விட்டுப் பார்த்திருக்கிறார்கள், வலி கூடியதாகத் தெரியவில்லை. இரவில் திசு ஆறும் வேலைக்கு அந்த மருந்து குறுக்கே வரக்கூடும் என்ற எண்ணத்தில் செய்தது. சின்னச் சோதனைதான், அதற்காக நீங்களாக மாத்திரையை விட வேண்டாம். ஆனால் "இரவில் பாராசிட்டமால் மட்டும் போதுமா?" என்று டாக்டரிடம் கேட்பது நியாயமான கேள்வி. எப்படியானாலும் கடைசி மாத்திரையைப் படுப்பதற்கு அரை மணி நேரம் முன்பு போடுங்கள். அடுத்த வேளை மாத்திரையும் தண்ணீரும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும், பக்கத்தில் போட்ட நேரங்களை எழுதிய தாளும். அரைத் தூக்கத்தில் "போட்டேனா இல்லையா" என்ற சந்தேகத்தில் இன்னொன்று போட்டுவிடுவது நடக்கும்.

வீக்கத்துக்கு டெக்சாமெத்தசோன் எழுதியிருந்தால் அதைக் காலையில் எடுக்கலாமா என்று கேளுங்கள். மாலையில் எடுத்தால் கொட்டக் கொட்ட விழித்திருப்பீர்கள், பழியை வலி மேல் போடுவீர்கள்.

தூக்கத்தில் எச்சில் சுரப்பது மிகவும் குறைந்துவிடும், வாயில் கிருமி பெருக அது வசதி. அதனால் படுக்கும் முன் மற்ற பற்களை மெதுவாகத் துலக்குங்கள், புண் பக்கம் போகாதீர்கள், வாயைக் கழுவத் தண்ணீரை வைத்துச் சாய்த்து வழிய விட்டால் போதும். பொய்ப்பல் செட்டை இரவில் கழற்றி வைப்பதுதான் பொது விதி. ஆனால் பல்லைப் பிடுங்கிய கையோடு மாட்டிய செட் என்றால் முதல் 24 மணி நேரம் கழற்றவே கூடாது என்பார்கள், கழற்றினால் வீக்கத்தில் மறுபடி ஏறாது.

எப்போது காத்திருக்கக் கூடாது: புதிய காஸை அழுத்திக் கடித்து 30 நிமிடம் உட்கார்ந்த பிறகும் வாய் நிறைய ரத்தம் வந்தால், நாக்குக்கு அடியிலோ கழுத்திலோ வீங்கினால், விழுங்கவோ மூச்சு விடவோ கஷ்டமாக இருந்தால் பல் கிளினிக் திறக்கும் வரை பார்க்காமல் நேராக மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். அந்த இடத்தின் வழியும் போன் எண்ணும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். மறுநாள் காலையிலும் உதடோ நாக்கோ மரத்தே இருந்தால் அவசரப் பிரிவு வேண்டாம், கிளினிக்குக்குப் போன் போட்டுச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள்.

8. இரண்டாம் நாளில் இருந்து ஐந்தாம் நாள் வரை

காலையில் எழுந்ததும் கன்னம் முந்தைய இரவைவிடப் பெரிதாக இருக்கும், வாய் முழுக்கத் திறக்காது. படுத்திருந்ததால் நீர் தேங்கியது, எழுந்து நடமாடினால் கொஞ்சம் இறங்கும். 24 மணி நேரம் முடிந்ததும் வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரைச் சாப்பாட்டுக்குப் பின்னும் படுக்கும் முன்னும் மெதுவாக வாயில் சுழற்றுங்கள். காலையில் பிடுங்கியவர்களுக்கு அந்த 24 மணி நேரம் மறுநாள் காலையிலேயே முடிகிறது, மாலையில் பிடுங்கியவர்கள் மறுநாள் மாலை வரை பொறுக்க வேண்டும். குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி வாய்க்கழுவி கொடுத்திருந்தால் பற்பசையால் துலக்கி அரை மணி நேரம் கழித்து உபயோகியுங்கள்.

புகை பிடிப்பவர்கள் குறைந்தது 72 மணி நேரம் விட வேண்டும். ட்ரை சாக்கெட்டுக்குப் புகைதான் நேர்வழி.

ட்ரை சாக்கெட்டை எப்படி அடையாளம் காண்பது? வலி குறைந்துகொண்டே வந்து 3-ஆம் நாள் வாக்கில் திடீரென்று ஏறும், காதுவரை இழுக்கும், வாயில் கெட்ட வாடை வரும், மாத்திரைக்கு அடங்காது. இரவில் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து இல்லை, காலையில் முதல் ஆளாகப் போய் நில்லுங்கள். குழியைக் கழுவி மருந்து வைத்ததும் சீக்கிரமே வலி இறங்கும். காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸைத் தாண்டினாலோ, 3-ஆம் நாளுக்குப் பிறகு வீக்கம் குறையாமல் கூடினாலோ அது வேறு கதை, அன்றே காட்ட வேண்டும்.

ஆன்டிபயாடிக் எழுதியிருந்தால் 8 மணி நேரத்துக்கு ஒன்று என்பதைத் தூக்கத்துக்கு ஏற்றாற்போல் காலை 6, மதியம் 2, இரவு 10 என்று வைத்துக்கொள்வது சுலபம்.

9. தையல் பிரிக்க

தானாகக் கரையும் தையலா, பிரிக்க வேண்டியதா என்று முதல் நாளே கேட்டுத் தாளில் எழுதி வாங்குங்கள். பிரிக்க வேண்டியது என்றால் பெரும்பாலும் ஒரு வாரம் வாக்கில் வரச் சொல்வார்கள். இதற்கு ஊசி இல்லை, சில நிமிட வேலை, லீவு போடத் தேவையில்லை. மாலை கடைசி நேரம் காலியாக இருந்தால் தயங்காமல் வாங்கிக்கொள்ளுங்கள்.